சுமந்து வந்த குன்றுகள்

கோடைக்கானலில் எந்தத் தேவாலயத்தின் படிகளில் நின்றாலும், எந்தக் கோயிலின் பிராகாரத்தை வலம் வந்தாலும், அங்கே எழுந்தருளியிருக்கும் தெய்வம் இந்த மலையைப் பார்க்காமல், தொலைவில் உள்ள வேறொரு மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிற எண்ணம் எனக்குப் பல காலமாக இருந்து வருகிறது. இருந்து வருவதோடு, அது மனத்துக்குச் சிறிதும் சாந்தி தருவதாகவும் இல்லை. நம் சமவெளி ஊர்களில் கோயிலே ஊருக்கு வித்து. மதுரையிலும் திருவாரூரிலும் சிதம்பரத்திலும் தெய்வம் இருந்த இடத்தைச் சுற்றித் தெருக்கள் பிறந்தன. அங்கே தெய்வத்தை வந்தேறி என்று நினைக்க ஒருவருக்கும் தோன்றாது. கோடைக்கானலிலோ முதலில் எழுந்தவை வீடுகள். 1834-இல் மதுரையில் ஊன்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள், காய்ச்சலுக்கும் விஷபேதிக்கும் தம்மவரைப் பறிகொடுத்து, எஞ்சியவர்களின் உடம்பையாவது தேற்றிக்கொள்ளக் குளிர்ந்த இடம் ஒன்று வேண்டும் என்று தேடி, 1845-இல் இந்த மலைமேல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். அவை நிலைத்த பிறகே ஜெபிக்க ஓர் இடமும், மாண்டவரைப் புதைக்க ஓர் இடமும் தேவைப்பட்டன. பிழைப்பதற்காக ஏறி வந்த இடத்தில் பக்தி செய்யத் தொடங்கியவர்கள், தாம் விட்டு வந்த ஊரை நினைத்துக் கண் கலங்கியே மண்டியிட்டிருப்பார்கள். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அப்படிப் பிறந்த ஒரு வழிபாட்டிடத்தில், நூற்றைம்பது ஆண்டு கழித்து, அவர்களுடைய ஊரையும் துக்கத்தையும் அறியாத நாம் போய் நிற்கும்போது, நாம் கைகூப்புவது எதை நோக்கி என்ற கேள்விதான் என்னை விடாமல் பின்தொடர்கிறது.

சலேத் மாதா கோயிலுக்கு ஏறும் படிகளில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிட உரக்க ஒலிக்கிறது. நகரத்துக்கு மேலே ஒரு குன்றின் தலையில், தைல மரங்களின் காட்டமான வாசனைக்கு நடுவே, மஞ்சு வந்து மூடும்போது இருப்பதே தெரியாமலும், விலகும்போது அப்போதுதான் அங்கே வைக்கப்பட்டதுபோலும் தோன்றும் சிறிய ஆலயம் அது. பிரெஞ்சு தேசத்துச் சேசு சபைக் குருவான லூயி சேன் சீர் அவர்களின் முயற்சியால் 1860-களில் எழும்பியது. அதன் பெயர் ஆல்ப்ஸ் மலையில் உள்ள லா சலேத் என்னும் சிற்றூரின் பெயர். 1846 செப்டம்பர் 19-ஆம் தேதி, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்ஸிமின் என்னும் இரு ஏழைக் குழந்தைகளுக்கு, ஒரு பெண் கல்லின் மேல் அமர்ந்து இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதவளாகக் காட்சி தந்தாள் என்பது அவ்வூரின் விசுவாசம். மாதாவை நாம் எத்தனையோ கோலங்களில் அறிவோம். சேயை ஏந்தியவளாக, முடி சூடியவளாக, பிறையின் மேல் நிற்பவளாக. முகத்தை மூடி அழும் மாதாவைத் தன்னோடு கப்பலேற்றிக் கொண்டுவரத் துணிந்தவர், கொண்டுவந்து அதே போன்ற உயரத்தில் வைக்க வேண்டும் என்று கருதியவர், சாமான்யமான பக்தராக இருக்க முடியாது. அந்த ஆல்ப்ஸ் சரிவு ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கோடைக்கானல் 2,100 மீட்டர். குளிரிலும் பனியிலும் புல்வெளிச் சரிவுகளிலும் தன் நாட்டின் சாயலைக் கண்டு, இதுவே அது என்று தமக்குத் தாமே அவர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே இடையில் ஒன்றைக் குறிப்பிடாமல் கடக்க மனம் வரவில்லை. அந்தக் குழந்தைகளிடம் அப்பெண் பேசிய விஷயங்களில் பரலோகத்தைப் பற்றியவற்றுக்கு நிகராக உணவைப் பற்றியவையும் உண்டு: கோதுமை பொடியாக உதிர்ந்து போவதும், உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப் போவதும். ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்கு நோய் கண்டு, ஜனங்கள் பட்டினியால் வாடிய வருஷங்கள் அவை. அவளுடைய பெயரால் ஆலயம் எழுந்த இந்தப் பழனி மலைத்தொடரில், வெள்ளையர் கொண்டுவந்த அதே உருளைக்கிழங்கு, மன்னவனூரிலும் பூண்டியிலும் கவுஞ்சியிலும் இன்று மலைச்சரிவுகளை அடுக்கடுக்காக நிரப்பி நிற்கிறது. விளைச்சல் பொய்த்த ஒரு மலையின் அழுகை, விளைந்து தரும் இன்னொரு மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கு செப்டம்பரில் நினைவுகூரப்படும் அந்த மாதாவுக்கு இங்கே ஆகஸ்டு 14, 15 தேதிகளில், மாதா விண்ணேற்பின் நாளை ஒட்டித் திருவிழா நடக்கிறது. மலையின் நாற்புறத்திலிருந்தும் சமவெளியிலிருந்தும் ஜனங்கள் வந்து, விளக்குகள் ஜொலிக்கும் தேர்ப் பவனியில் மாதாவை இரவு முழுதும் அழைத்துச் செல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாரேனும் ஒருவர் ஆல்ப்ஸ் மலையை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மகளுக்கு வரன், மகனுக்கு உத்தியோகம், தோட்டத்துக் கிணற்றில் நீர் என்று அவரவர் துயரை அவரவர் சொல்லிக்கொள்கிறார்கள். அழுதுகொண்டிருப்பவளிடம் அழுவது எளிது என்பதை அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. அவ்விடத்தில் என் கேள்வி சற்றே வலிமை குன்றிப் போவதை நான் உணர்ந்திருக்கிறேன்.

கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதையை அடுத்த புராட்டஸ்டண்டு ஆலயங்களில் அது மீண்டும் தலைதூக்குகிறது. வர்ணக் கண்ணாடிச் சாளரங்களின் ஊடே இறங்கும் ஒளி, தேய்ந்து வழவழத்த மர ஆசனங்கள், ஈர மரத்துக்கும் பழைய காகிதத்துக்கும் நடுவான ஒரு மணம்: இவை யாவும் ஆங்கில நாட்டுக் கிராமம் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தவை. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, ஆங்கிலிக்கன் பிரிவினரும் ஏனைய பிரிவினர் பலரும் ஒரே சபையான பின்னர், வெவ்வேறு தாய்நாட்டு நினைவுகளுடன் கட்டப்பட்ட கட்டடங்கள் ஒரே குடையின் கீழ் வந்தன. கட்டியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். தமிழில் ஜெபிக்கிறவர்கள் அவர்களுடைய ஆசனங்களில் அமர்ந்திருக்கிறார்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இந்த ஆலயங்களைவிட என்னை நெடுநேரம் நிறுத்தி வைப்பது குறிஞ்சி ஆண்டவர் கோயில்.

தமிழர் தம் நிலத்தை ஐந்தாகப் பகுத்த காலத்திலேயே மலையும் மலை சார்ந்த இடமும் சேயோனுக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுத்துவிட்டது. அத்தனை பழைய உரிமை உடையவனுக்கு, குறிஞ்சி மலரின் பெயராலேயே இந்த ஊரில் ஒரு கோயில் எழுந்தது 1936-இல். சலேத் மாதா வந்து எழுபது ஆண்டுகள் சென்ற பின். எழுப்பியவர் ஆஸ்திரேலிய நாட்டில் பிறந்த ஒரு பெண்மணி. ஆர். எல். ஹாரிசன் என்னும் பெயருடன் கிழக்கு நாடுகளின் ஞானத்தைத் தேடி வந்து, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனைக் கண்டு, அவரையே குருவாகவும் பின்னர் கணவராகவும் வரித்து, லீலாவதி என்னும் பெயர் பூண்டு, 1913-இல் யாழ்ப்பாணத்தில் அவர் பெண்களுக்காக நிறுவிய கல்லூரியைப் பேணி வளர்த்தவர். இராமநாதன் கொழும்பு கொச்சிக்கடையில் தம் தந்தையார் எழுப்பிய சிவன் கோயிலை முழுவதும் கருங்கல்லால் மீண்டும் கட்டியவர். கோயில் கட்டுவது என்றால் என்ன என்பதை அவ்வம்மையார் அந்த வீட்டில் இருந்தே அறிந்திருப்பார். 1930-இல் கணவர் காலமான பின்னர், அவர் இந்த மலையில் முருகனுக்கு ஆலயம் அமைத்தார். பின்னாளில் அது பழனி தேவஸ்தானத்தின் பராமரிப்பில் சேர்ந்தது. அளவில் சிறிய கோயில்தான். மழைக்கால மாலையில், திருநீற்றின் வாசனையும் நனைந்த புல்லின் வாசனையும் கலந்து வரும்போது, அர்ச்சகர் காட்டும் கற்பூர ஒளி மஞ்சில் பட்டு அகலமாகப் பரவி, சந்நிதிக்கு வெளியே நிற்பவர்களின் முகத்திலும் விழும்.

இந்த அம்மையாரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இரண்டு புத்தகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரில் இராமநாதன் கிறிஸ்தவ சுவிசேஷங்களுக்கு வியாக்கியானம் செய்திருக்கிறார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்துக்கு 1898-இலும், யோவான் எழுதியதற்கு 1902-இலும் அவை லண்டனில் வெளிவந்தன. முன்னதன் முகப்பிலேயே அது ஆர். எல். ஹாரிசனுக்கு விளக்கிச் சொல்லப்பட்டது என்று அச்சாகியிருக்கிறது. பின்னதைப் பதிப்பித்தவரும் அவரே. கிறிஸ்தவ தேசத்தில் பிறந்த ஒரு பெண், இயேசுவின் வாக்குகளுக்குப் பொருள் கேட்க ஒரு சைவரின் முன் அமர்ந்திருக்கிறார். அந்தச் சைவரும் அவரைத் தம் மதத்துக்கு அழைப்பதற்கு முன், அவருடைய வேதத்தையே அவருக்குத் திறந்து காட்டியிருக்கிறார். யோவானின் சுவிசேஷத்தில், கிணற்றடியில் சமாரியப் பெண் ஒருத்தி ஒரு வழக்கை எழுப்புவாள்: தன் முன்னோர் தொழுது வந்த மலையில் தொழுவதா, அன்றி யூதர் சொல்லும் எருசலேமில் தொழுவதா என்று. இயேசு அவளுக்கு அளிக்கும் மறுமொழி அந்த மலையையும் கடக்கிறது, எருசலேமையும் கடக்கிறது. அந்தப் பகுதியின் அச்சுப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்திருக்கக்கூடிய அதே கைகள், முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்ற பின், ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து அங்கே கோயில் கட்டுகின்றன. மலை வேண்டாம் என்ற உபதேசத்தை நன்கு அறிந்தவருக்கு மலை ஏன் வேண்டியிருந்தது? ஞானம் முதிர்ந்தவருக்கும் கால் ஊன்ற மண் தேவைப்படுகிறது என்று ஒரு விடை சொல்லலாம். துணையை இழந்தவருக்கு, கண்ணால் கண்டு நிற்க ஒரு தெய்வம் வேண்டியிருந்தது என்று மற்றொரு விடை சொல்லலாம். இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டும் பொய் அல்ல, இரண்டும் எனக்குப் போதவும் இல்லை. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். கடைசியாக 2018-இல் பூத்ததைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், 1934 பூத்த வருஷமாகிறது. மலை முழுவதும் நீலம் ஏறியிருந்த அந்த வருஷத்தில் அவர் இங்கே இருந்தாரா என்பதை எந்த ஏட்டிலும் நான் படித்ததில்லை. இருந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று ஒவ்வொரு சமயம் நினைப்பதுண்டு.

ஆனால் குறிஞ்சி ஆண்டவரும் இங்கே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கோயிலின் பின்புறம் போய் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், வடக்கே கீழே, பச்சை வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவில் பழனி தெரியும். சாலை வழியே 64 கிலோமீட்டர். கண் வழியே ஒரு நொடி. வருகிறவர்களில் பெரும்பாலோர் சந்நிதியில் நிற்கும் நேரத்தைவிட அந்தக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பழனியைத் தேடும் நேரமே அதிகம். இதைக் குறை கூறுபவர்கள் உண்டு. நான் கூற மாட்டேன். மலை மேல் உள்ள முருகன் மலை அடியில் உள்ள முருகனைக் காட்டிக்கொடுக்கிறான் என்றால் அதுவும் ஒரு தரிசனமே. நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் உள்ள பூம்பாறையிலும் இதே கதிதான். அங்கே குழந்தை வேலப்பர் கோயில் வெள்ளையர் காலடி படுவதற்கு நெடுங்காலம் முன்னிருந்தே இருக்கிறது. பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களின் நடுவே, ஓட்டு வீடுகள் நெருங்கிக் கிடக்கும் அந்தச் சிற்றூரில் போய் நின்றால், இவராவது இம்மண்ணிலேயே முளைத்த தெய்வமாக இருப்பார் என்று மனம் ஒரு கணம் ஆறுதல் கொள்கிறது. ஊராரைக் கேட்டால், விக்கிரகத்தைச் செய்தவர் போகர் என்பார்கள். பழனியில் நவபாஷாணத்தால் தண்டாயுதபாணியை வார்த்த அதே சித்தர். சீன தேசம் வரை போய் வந்தவர் என்று ஐதிகம் சொல்லும் அந்த யாத்திரிகரின் கையால் வந்த தெய்வமும் பழனியின் கிளையாகவே இங்கே நிற்கிறது.

சரி, பழனியாவது பழனிக்கே சொந்தமா? ஒரு கனியின் பொருட்டுக் கோபித்துக் கைலாயத்தை விட்டு வந்து நின்ற பிள்ளையின் மலை அது. அந்த மலையும் அங்கேயே இருந்த மலை அன்று. அகத்தியரின் கட்டளைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளை இடும்பன் ஒரு தண்டின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் சுமந்து தெற்கே வந்தான். களைத்து இறக்கி வைத்தவனால் மீண்டும் தூக்க முடியவில்லை. தூக்க முடியாமல் போன இடமே பழனி. காவடி எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சுமையைத்தான் தம் தோளில் திரும்ப ஏற்றிக்கொள்கிறார்கள். இதைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவன் நான்; எனினும் கோடைக்கானலின் ஆலயங்களோடு இதைச் சேர்த்து எண்ணிப் பார்த்த அன்று, என் பழைய கேள்வியின் பாதி அவிழ்ந்துபோயிற்று. தெய்வம் வேறெங்கிருந்தோ வரும், வரும்போது தன் மலையையும் கூடவே கொண்டுவரும் என்பது நம் மரபின் பழைய அறிவு. ஆல்ப்ஸ் மலையை ஒரு பிரெஞ்சுக் குரு கொண்டுவந்ததும், ஆஸ்திரேலியாவிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக ஒரு பெண் முருகனிடம் வந்து சேர்ந்ததும் அந்த அறிவுக்குப் புறம்பானவை அல்ல.

அவிழாமல் நின்ற மற்றப் பாதி, இடும்பனைப் பற்றியது. பழனிக்கு ஏறுகிறவர்கள் வழியில் இடும்பனை முதலில் வணங்காமல் மேலே போவதில்லை. இரண்டாவது குன்றுக்கு அவன் பெயரே நிலைத்திருக்கிறது. சுமந்தவனுக்கு அங்கே பூஜை உண்டு. கோடைக்கானலுக்குச் சுமந்தவர்கள் யார்? மோட்டார்ச் சாலை வருவதற்கு முன், ரயிலில் அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில்தான் மேலே போக வேண்டும். துரைமார்களில் சிலர் குதிரையில் ஏறினார்கள். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் நாற்காலியிலும் டோலியிலும் மனிதர் தோள்களில் ஏறினார்கள். ஆலயத்து மணியும் சாளரக் கண்ணாடியும், இங்கே கிடைக்காத எந்தப் பொருளும், தலைச்சுமையாகவோ பொதிமாட்டின் முதுகிலோ மட்டுமே இந்த உயரத்தை அடைந்திருக்க முடியும். தேவாலயங்களின் சுவர்களில் பித்தளைத் தகடுகளில் பல பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏரியை வெட்டுவித்த லெவிஞ்சு துரையின் பெயரும் கோக்கரின் பெயரும் ஊரெங்கும் வழங்குகின்றன. கண்ணாடி உடையாமல், மணி உருளாமல் மேலே கொண்டுவந்து சேர்த்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. செண்பகனூரில் 1895-இல் குருமடம் நிறுவிய சேசு சபையைச் சேர்ந்த அங்ளாட், நியூட்டன் என்னும் இரு குருமார் இம்மலையின் கற்திட்டைகளை அளந்து எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. பெருமாள்மலைப் பக்கத்திலும் தாண்டிக்குடியிலும் ஜனங்கள் குள்ளர் குகை என்று சொல்லும் அந்தப் பலகைக் கற்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அது மிகப் பழைய காலம், போகட்டும். நூற்றைம்பது ஆண்டு நம் பாட்டன் பாட்டிகளின் காலம் அல்லவா?

பெயர்கள் இல்லையே தவிர, ஊர் ஒன்று இருக்கிறது. வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரைக்குப் போகும் பழைய பாதையில், காலங்காலமாக நடந்தே சென்றடைந்து வந்த வெள்ளகவி. துரைமார்களை டோலியில் ஏற்றிச் சென்றவர்கள் தம் முன்னோர் என்பது அவ்வூரார் சொல்லி வரும் வரலாறு. அவ்வூரில் வீடுகளுக்கு இணையாகக் கோயில்கள் நெருங்கி இருக்கின்றன. ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தெருவிலும் வீட்டு வாசலிலும் எவரும் காலணியோடு நடப்பதில்லை, ஏனெனில் ஊர் முழுவதையுமே அவர்கள் சந்நிதியாகக் கொண்டிருக்கிறார்கள். நோயாளியையும் பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் அதே பாதையில் டோலி கட்டித் தூக்கிச் செல்லும் செய்திகள் நம் காலத்துப் பத்திரிகைகளிலும் வந்திருக்கின்றன. இந்த மலைகளில் அவர்களுக்கும் முந்திய குடிகளான பளியர்கள் பளிச்சியம்மனை மரத்தடியிலும் கல்லிலும் வைத்து வணங்குவார்கள். அங்கே சுவரும் இல்லை, கதவும் இல்லை. வாடகைக் காரில் ஏறியவுடன் ஓட்டுநர் அடுக்கும் இடங்களில் மாதா கோயிலும் குறிஞ்சி ஆண்டவரும் தவறாமல் உண்டு. சுமந்தவர்களின் ஊர் அந்த அடுக்கில் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பார்ப்பதற்கு ஓர் இடமாக அதுவும் ஆகிவிட்டால், எல்லையில் கழற்றி வைக்கும் செருப்புகளின் குவியலைப் படமெடுப்பதோடு நின்றுவிடுவோம் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆயினும் சலேத் மாதாவின் படிகளில் இப்போது நிற்கும்போது ஆல்ப்ஸ் மலையை நான் தேடுவதில்லை. அந்த மணியைச் சுமந்து வந்தவர், மேலே வந்து இறக்கி வைத்து வியர்வையைத் துடைத்த பிறகு, அது முதல் முறை ஒலித்ததைக் கேட்டுவிட்டுத்தான் மலை இறங்கினாரா, அன்றி இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று உடனே புறப்பட்டுவிட்டாரா என்பதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.